காரில் தீயணைப்பான்: எங்கே வைப்பது, எப்படி அடிப்பது?

கேள்வி: தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டுகிறேன். தீயணைப்பான் வாங்கி டிக்கியில் வைத்தால் போதுமா? எந்த வகை வாங்கலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டிக்கி வேண்டவே வேண்டாம். பின்னால் லாரி இடித்திருந்தால் அது திறக்காது. இடது முன் சீட்டுக்கு அடியில் உலோகக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். சும்மா போட்டால் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து.

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1 கிலோ ஏபிசி பவுடர் வாங்குங்கள். பெட்ரோல், ஒயர், சீட் துணி மூன்றுக்கும் கேட்கும்.

பலர் கவனிக்காதது இது: வண்டி அதிர்வில் பவுடர் அடியில் படிந்து இறுகிவிடலாம். அப்போது அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பச்சையில் இருந்தாலும், அழுத்தினால் வெறும் காற்றுதான் வரக்கூடும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து நன்றாக உலுக்குங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் தீயணைப்பானின் பூட்டு ஊசியும் (பின்) வால்வும் துருப்பிடிக்கும், அதையும் பாருங்கள்.

பானெட்டில் புகை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, 101-க்குச் சொல்லுங்கள். பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்ததும் தீ குப்பென்று முகத்துக்கு வரும். காருக்குள் இருக்கும் பானெட் லீவரை மட்டும் இழுத்துவிட்டு, அந்த விரலளவு இடுக்கு வழியாக அடியுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பவுடர் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காவிட்டால் விலகி ஓடுங்கள். மின்சாரக் காரின் பேட்டரி பற்றினால் இதை நம்பி நிற்கவே கூடாது.