மாஸ்டரைக் குறைத்தும் பாட்டு கரகரப்பது ஏன்?

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கல்யாண வீட்டில், மிக்சரில் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டரைப் பாதிக்கு இறக்கிய பின்னும் பாட்டு கரகரத்தது என்றும், பாட்டு வரும் சேனலின் (மிக்சரில் ஓர் ஒலிக்கான தனி வரிசை) சிவப்பு விளக்கு அணையவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கோளாறு ஸ்பீக்கரில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேனலின் உச்சியிலுள்ள, உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகிலேயே ஒலி அளவு மீறிச் சிதைந்துவிட்டால், மாஸ்டர் அந்தச் சிதைந்த ஒலியின் சத்தத்தைக் குறைக்குமே தவிர, அதைச் சீராக்காது.

முதலில் மிக்சரின் பின்புறத்தைப் பாருங்கள். லேப்டாப் வயர் 'ஃபோனோ' துளையில் செருகப்பட்டிருந்தால் அதை 'லைன்' துளைக்கு மாற்றுங்கள். இசைத்தட்டின் மெல்லிய ஒலிக்கென அமைந்த ஃபோனோ, வரும் ஒலியை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்குவதோடு பேஸையும் கூட்டிவிடும்.

அடுத்து, பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் நிறுத்தி, ஃபேடரை (சேனலின் சத்தத்துக்கான சறுக்குக் கட்டை) இறக்கி, அந்தச் சேனலை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்க உதவும் கியூ பொத்தானை அழுத்தி, பாட்டின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு, மீட்டர் 0-வைத் தொட்டு இறங்குமளவுக்கு மட்டும் கெயினைத் திருப்புங்கள். பேஸைக் கூட்டினாலும் சிவப்பு எரியும் என்பதால், பறை ஒலி நிறைந்த பாட்டுகளுக்குக் கெயினை இன்னும் சற்றுக் குறைத்து வையுங்கள். ஆட்டம் சூடுபிடித்துச் சத்தம் போதாவிட்டால் கெயினைத் தொடாமல் ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள்.