கல்லூரிக் கேள்வி – பதில்: எந்தப் பேப்பரை எப்போது, எப்படி?

கேள்வி: மெக்கானிகல் இரண்டாமாண்டு படிக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் 'ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்' கணக்குப் பேப்பரில் ஃபெயில். இன்டர்னல் (கல்லூரியில் போடும் மதிப்பெண்) 40-க்கு 15. "மூணு யூனிட் படி, 45 வாங்கினா பாஸ்" என்கிறார்கள் சீனியர்கள். நம்பலாமா?
– மாணவர், நாமக்கல்

பதில்: அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. நூறுக்கு எழுதுவதை அறுபதுக்குச் சுருக்குகிறார்கள். தேர்வில் மட்டும் 45 சதவீதம் வாங்க வேண்டும். இன்டர்னலோடு சேர்த்து மொத்தம் 50 வர வேண்டும். இரண்டும் தேவை. உங்கள் 15-ஐ 50 ஆக்க இன்னும் 35 வேண்டும். 60-க்கு 35 என்றால் விடைத்தாளில் 59. இன்டர்னல் 23-ம் அதற்கு மேலும் வைத்திருப்பவருக்குத்தான் 45 போதும்.

இனி வினாத்தாளைப் பாருங்கள். கணக்குப் பேப்பரில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, 16 மதிப்பெண் கேள்விகள் ஐந்து. ஒரு யூனிட்டுக்கு இரண்டு சிறிய கேள்வி, ஒரு பெரிய கேள்வி, ஆக 20. மூன்று யூனிட்டை ஒரு தவறும் இல்லாமல் போட்டாலும் 60தான். 45 தேவைப்படும் சீனியர் அதில் தப்பித்துவிடுவார். 59 தேவைப்படும் நீங்கள், இரண்டு மதிப்பெண் போனாலே மீண்டும் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு நான்கு யூனிட் வேண்டும். 80 வரை வர இடமிருப்பதால், கணக்கில் ஒன்றிரண்டு படி சறுக்கினாலும் 59 நிற்கும்.

ஏப்ரல்–மே தேர்விலேயே, நான்காம் செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து எழுதிவிடுங்கள். "ஃபைனல் இயரில் மொத்தமாக முடிச்சுக்கலாம்" என்று தள்ளுகிறவர்கள், கேம்பஸ் நேர்காணலுக்கு வரும் நிறுவனம் "நிலுவை அரியர் இருக்கக் கூடாது" என்று சொல்லும்போதுதான் விழிக்கிறார்கள். ஒரு பேப்பருக்குத் தினம் முக்கால் மணி நேரம், எட்டு வாரம் ஒதுக்கினால் தாராளம்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ஓர் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பேப்பருக்குப் பதில், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இணையப் படிப்பு எடுக்கலாம் என்று துறையில் சொன்னார்கள். ஆறாம் செமஸ்டரில் எடுத்தால் சுலபமாக இருக்குமா?
– மாணவி, விழுப்புரம்

பதில்: ஆறாம் செமஸ்டரில் மட்டும் வேண்டாம். ஜனவரிப் பருவப் படிப்புகளுக்குத் தேர்வு ஏப்ரல் வாக்கில் நடக்கும்; முடிவு வர மேலும் சில வாரங்கள் ஆகும். அது தாமதமானாலோ தவறினாலோ, மற்ற எல்லாப் பேப்பரும் பாஸாகியிருந்தும் டிகிரி நின்றுவிடும். எம்.எஸ்சி. விண்ணப்பம் ஜூனில் காத்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் செமஸ்டரில், ஜூலைப் பருவத்தில் எடுங்கள். தவறினாலும் கையில் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடைப் புள்ளி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்வயமில் ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். படிப்புகளில் 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. உங்கள் எலெக்டிவ் 4 கிரெடிட் என்றால் 12 வாரப் படிப்பு ஒன்றால் அது நிரம்பாது. மீதி ஒரு கிரெடிட்டுக்கு என்ன வழி என்று சேரும் முன்பே துறைத்தலைவரிடம் கேட்டு, படிப்பின் பெயர், வாரம், கிரெடிட், எந்தப் பேப்பருக்குப் பதில் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி, அடுத்த ஆண்டு துறைத்தலைவர் மாறினால் காணாமல் போகும்.

படிப்பில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியே பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். வீடியோவை எல்லாம் பார்த்துவிட்டு இதை மறந்தவர்கள் உண்டு. மதிப்பெண்ணில் வார அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் தனித்தனியே வாங்கினால்தான் சான்றிதழ். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால், ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்வரலாம்.

கடைசியாக இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், ஸ்வயம் கணக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால், நீங்கள் பெற்ற கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கான கிரெடிட் வங்கியில் ஏற்றும்போது சிக்கல் வரும். பதிவு செய்யும் நாளிலேயே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: 60 வேலைநாளில் 41 நாள்தான் வந்திருக்கிறேன். இன்னும் 30 நாள் இருக்கிறது. ஹால் டிக்கெட் கிடைக்குமா?
– பி.காம். மாணவர், திண்டுக்கல்

பதில்: மொத்தம் 90 நாள். 75 சதவீதத்துக்கு 68 நாள் வேண்டும். மீதி 30-இல் 27 நாள் வந்தால் கிடைக்கும். மூன்று நாள்தான் விடுப்பு. பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75-க்குள் இருந்தால் கட்டணம் கட்டி, காரணம் காட்டி கண்டனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) வாங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. காலையில் வந்து மதியம் கிளம்பினால் அரை நாள்தான் பதிவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். விளையாட்டு, என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போனதற்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் முடிவில் மொத்தமாகக் கொண்டுபோனால் வகுப்பு ஆலோசகரும் ஒன்றும் செய்ய இயலாது.

கேள்வி: என் டிகிரியின் பெயர் 'கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம்'. எம்.எஸ்சி., பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக விருப்பம். எந்த எலெக்டிவ்களை எடுக்கலாம்?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: எலெக்டிவ் இருக்கட்டும், முதலில் டிகிரியின் பெயரைக் கவனியுங்கள். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். உங்களுடையது வெறும் 'கணிதம்' அல்ல என்பதால், அது கணிதத்துக்கு இணையானது என்று தமிழக அரசின் ஆணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு பரிந்துரைத்து, உயர்கல்வித் துறை ஆணையாக வெளியிடும். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதினாலும் இதே கேள்வி வரும். ஆணை அறிவிக்கையின் தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை.

மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டு துறை அலுவலகத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெயருள்ள டிகிரிக்கு வேறொரு பல்கலைக்கழகம் வாங்கிய ஆணையைக் காட்டிப் பயனில்லை. ஆணை இல்லையென்றால் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டாமாண்டிலேயே தொடங்குங்கள்.

எலெக்டிவ் கேட்டீர்களே: கணினிப் பக்கம் சாய்ந்தவற்றைத் தவிர்த்து, எண் கோட்பாடு, வரைபடக் கோட்பாடு போன்ற கணிதப் பேப்பர்களாகவே எடுங்கள். இணைத்தன்மை பார்க்கும்போதும் எம்.எஸ்சி. நுழைவுத்தேர்விலும் உதவும்.

கேள்வி: இரண்டு செமஸ்டர் முடிந்து சி.ஜி.பி.ஏ. (பத்துக்கான கிரேடு சராசரி) 6.2. கடைசியில் 7.5 ஆக்க முடியுமா?
– பி.ஏ. மாணவர், மதுரை

பதில்: மொத்தம் 140 கிரெடிட்டில் 46 முடித்திருப்பதாகக் கொண்டால், மீதி 94-இல் சராசரி 8.14 வேண்டும். 7-க்கு என்றால் 7.39 போதும். நான்கு கிரெடிட் பேப்பரில் ஒரு கிரேடு ஏறுவது, இரண்டு கிரெடிட் பேப்பரில் இரண்டு கிரேடு ஏறுவதற்குச் சமம். உழைப்பை மேஜர் பேப்பரில் போடுங்கள். எம்.ஏ. சேர்க்கைக்குப் பெரும்பாலும் பகுதி மூன்றின் (மேஜரும் அதன் துணைப்பாடங்களும்) மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: பகுதி ஐந்துக்கு ஒரே ஒரு கிரெடிட்தானே, விட்டுவிட்டால் என்ன?
– மாணவர், கடலூர்

பதில்: 140 கிரெடிட் வேண்டிய இடத்தில் 139-க்கு டிகிரி தரமாட்டார்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என எதிலாவது முதலாண்டிலேயே பெயர் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.