ஸ்கூட்டர் டயர்: மாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மழைக்காலம் நெருங்கினால் டயர் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த வாரம் வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 2018 ஆக்டிவா 5ஜி வைத்திருக்கிறேன். பள்ளிக்குப் போய்வர தினமும் 14 கி.மீ. ஓட்டுகிறேன். பின் டயரை ஒருமுறை மாற்றினேன், அதுவும் இப்போது மொட்டையாகிவிட்டது. முன் டயர் வண்டியோடு வந்தது, அதில் பட்டன் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். காசு பார்க்கிறாரோ என்று சந்தேகம். எந்தக் கம்பெனி டயர் நல்லது? (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: மெக்கானிக் சொல்வதுதான் சரி, டீச்சர். டயர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை. வெயிலிலும் காற்றிலும் சும்மா நின்றாலே ரப்பர் காய்ந்துபோகும். நாளைக் காலை வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிய டயரில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பக்கவாட்டிலும், ரிம் விளிம்பை ஒட்டியும் பாருங்கள்.

காய்ந்த ரப்பருக்கு ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது, பட்டன் எவ்வளவு இருந்தாலும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் ஆடும், சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நீங்கள் சுதாரிப்பதற்குள் கீழே கிடப்பீர்கள். அதனால் பின் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு முன் டயரை அப்படியே விடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

பின் டயர் தேய்ந்ததா என்பதில் சந்தேகமே வேண்டாம். டயரின் தோள்பகுதியில் ஒரு சிறிய முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அங்கிருந்து நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

கடையில் "ஆக்டிவா டயர்" என்று கேட்காதீர்கள். உங்கள் 5ஜி-க்கு முன்னும் பின்னும் 90/100-10. 2020-ல் வந்த 6ஜி-க்குப் பின்னால் அதே அளவு, முன்னால் 90/90-12. பெயர் ஒன்றுதான், டயர் வேறு. 90 என்பது அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 10 என்பது ரிம்மின் அங்குலம். இதற்குப் பக்கத்திலேயே 53ஜே என்று இருக்கும். 53 என்றால் அந்த டயர் 206 கிலோ தாங்கும், ஜே என்றால் மணிக்கு 100 கி.மீ. வேகம் வரை தாங்கும். புது டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கம்பெனிக்கு வருவோம். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். டி.வி.எஸ். யூரோகிரிப் நம் மதுரையில் தயாராவது. சியட், அப்பல்லோ, ஜே.கே., மிச்செலின் எல்லாமும் கடையில் கிடைக்கும். இவற்றில் எதை வாங்கினாலும் உங்கள் 14 கி.மீ. பயணத்துக்குத் தாராளமாகப் போதும். ஒரே கம்பெனியிலேயே நீண்ட நாள் உழைக்கும் ரகமும், பிடிப்பு அதிகமுள்ள மென்மையான ரகமும் இருக்கும். உங்கள் ஓட்டம் குறைவு, தேய்வதற்குள் காய்ந்துவிடும். எனவே பிடிப்புள்ள ரகத்தைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கினால் நல்லது. ஓட்டம் எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி டயரில் இருக்கும், அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

டயரோடு வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு சொற்பம்தான். அப்புறம் இன்னொன்று. உங்கள் வண்டியில் பின் சக்கரத்தைக் கழற்ற சைலன்சரைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்ததும் 'புஸ் புஸ்' என்று சத்தம் கேட்டால், சைலன்சரைச் சரியாக முடுக்கவில்லை என்று அர்த்தம். அங்கேயே நின்று சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். புது டயரின் மேல்பரப்பு வழுவழுவென்று இருக்கும். முதல் 150 கி.மீ. வரை வளைவில் சாய்க்காமல், சட்டென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் சுசுகி ஆக்சஸ் 125 இருக்கிறது. பின்னால் 90/100-10-க்குப் பதில் 100/90-10 போட்டால் வண்டி ஆடாது, பார்க்கவும் கெத்தாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (கல்லூரி மாணவர், வேளச்சேரி)

பதில்: கடைக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கணக்குப் போட்டால் புரியும், தம்பி. 90-ல் 100 சதவீதம் 90 மி.மீ. 100-ல் 90 சதவீதமும் 90 மி.மீ.தான். டயரின் உயரம் ஒன்றே. மாட்டினால் வெளிவட்டம் 434 மி.மீ. என்று அச்சாகப் பொருந்திவிடும். அதனால்தான் 'செட் ஆகும்' என்கிறார்.

ஆனால் அகலம் 10 மி.மீ. கூடிவிடுகிறது, ரிம் பழைய ரிம்தான். ஸ்கூட்டரின் பின் சக்கரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் சைலன்சர், மேலே மட்கார்டு. அந்த இடைவெளியில் ஐந்து மில்லிமீட்டர் போனாலும் மழைக்காலச் சேறு அங்கே அடைத்துக்கொள்ளும். முழு பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினால் எங்காவது உரசும். மைலேஜும் குறையும். வண்டிக் கம்பெனி சொல்லாத அளவைப் போட்டிருந்தால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் தேவையில்லாத வாக்குவாதம் வேறு. வேண்டாம்.

வண்டி ஆடுவதற்குக் காரணம் டயரின் அகலக் குறைவாக இருக்காது. முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் சக்கர பேரிங், ஹேண்டில் கோன்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்). பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

கேள்வி: இரண்டு வாரம் முன்பு ஸ்கூட்டருக்குப் புது டயர் வாங்கினேன். பில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், அது மூன்று வருஷத்துக்கு முந்தைய டயர். பக்கவாட்டில் லேசான வெடிப்பும் தெரிகிறது. கடையில் கேட்டால் "ஓட்டாத டயர் புதுசுதான்" என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: இதே அனுபவம் எனக்கும் உண்டு. 2023-ல் ஒரு மழை நாளில் மனைவியின் வண்டிக்குப் பின் டயர் மாற்றினேன். கடையில் வேலை நடக்கும்போது எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன், டயரில் 1119 என்று இருந்தது. 2019-ஆம் வருஷத்தின் 11-வது வாரம், அதாவது மார்ச் மாதம். நாலு வருஷம் கடையில் கிடந்த டயருக்குப் புது டயரின் விலை கொடுத்திருக்கிறேன். பில் வாங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, இங்கே வாங்கியதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கையில் பில் இருக்கிறது, அதை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு சிறு கட்டத்துக்குள், நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு அந்தப் பக்கம் எஞ்சின் ஓரமாகப் போய்விட்டால் தேட வேண்டியிருக்கும். ஆகவே டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிழலில், வெயில் படாமல் வைத்த டயர் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ கெட்டுவிடாது. நான் வாங்கினால் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டதைத் தொடமாட்டேன். ஆனால் உங்கள் டயரில் வெடிப்பே தெரிகிறது. அது வெறும் தேதிப் பிரச்சினை இல்லை, பொருளில் உள்ள குறை.

தேதி எண், வெடிப்பு இரண்டும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மாற்றித் தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள், அதன் நகலை டயர் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் கையோடு செய்வதே நல்லது, டயர் தேயத் தேய உங்கள் வாதமும் தேயும்.

பில் தராமல் விற்பதையே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் டயரின் அளவோடு வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், வாரண்டி கேட்கும்போது அதுதான் முதலில் உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உங்கள் பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. உள்ளே டியூப் போட்டுவிடலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். (இல்லத்தரசி, வேலூர்)

பதில்: ரிம் நசுங்கியோ துருப்பிடித்தோ காற்று கசிந்தால், புது ரிம் வாங்கும் வரை டியூப் போட்டு ஓட்டலாம், தவறில்லை. ஆனால் ஆணி ஏறுவதற்கு அது மருந்தாகாது. டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் இறங்கும், பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். டியூப் கிழிந்தால் ஓடும்போதே சட்டென்று இறங்கிவிடும். அடிக்கடி பஞ்சர் என்றால் டயர் தேய்ந்து மெலிந்திருக்கலாம், அதைப் பாருங்கள்.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன். பழைய ஆக்டிவா. ஒரு நாளைக்கு 120 கி.மீ.க்குக் குறையாது. பின் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. 500 ரூபாய்க்குச் செகண்ட்ஹேண்ட் டயர் கிடைக்கிறது, வாங்கலாமா? (டெலிவரி ஊழியர், கோவை)

பதில்: மழையோ வெயிலோ பாராமல் அந்த வண்டியை நம்பித்தான் உங்கள் பிழைப்பே. இது மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை, தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம். புது டயர் 1,500 ரூபாய், 15,000 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள், கிலோமீட்டருக்கு 10 பைசா. பழைய டயர் 500 ரூபாய், 4,000 கி.மீ. ஓடினால் பன்னிரண்டரை பைசா. ஒவ்வொரு தடவையும் சைலன்சரைக் கழற்றி மாட்டும் கூலி தனி, அந்த நேரத்தில் போகும் ஆர்டர் தனி. பழையது விலை மலிவாகத் தெரிகிறதே தவிர, மலிவு இல்லை.

அதைவிட எனக்குப் பயம் வேறு. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் வெட்டுப் போட்டு, கருப்பு பாலிஷ் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் பட்டன் ஆழமாகத் தெரியும். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். ஓரங்கள் கூர்மையாக, கோடு நேராக இல்லாமல் இருந்தால் அது கத்தி வேலை. நான் முன்னே சொன்ன அந்தச் சின்ன மேடும் அறுபட்டுக் காணாமல் போயிருக்கும். சிலவற்றில் பள்ளத்தின் அடியில் நைலான் நூல்கூட எட்டிப் பார்க்கும். அந்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம்.

நீங்கள் வாங்க வேண்டியது நீண்ட நாள் உழைக்கும் ரகம். மழையில் ஓட்டுவதால் பள்ளம் ஆழமாக, ஓரம் வரை நீளும் பட்டன் இருக்கட்டும். கையில் பணம் இல்லாவிட்டால் பின் டயரை மட்டும் இப்போது மாற்றுங்கள். முன் டயரில் வெடிப்பு இல்லை என்றால் அது அடுத்த மாதம் வரை பொறுக்கும்.

டயர் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் காற்று குறைவாக இருப்பதாகவும் இருக்கலாம். ஆக்டிவாவில் முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. பெரிய பையில் பாரம் ஏற்றிக்கொண்டு 29-லேயே ஓட்டினால் டயரின் இரண்டு ஓரமும் முதலில் தேயும். உங்கள் பழைய டயரைக் கழற்றும்போது பாருங்கள். நடுவைவிட ஓரம் அதிகம் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவுதான் காரணம். வாரம் ஒருமுறை, காலையில் முதல் ஆர்டருக்குக் கிளம்பும்போது, டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஓடிய பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.