பரணில் கிடந்த கார் ஸ்டீரியோ: மெர்க்குரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை

கேள்வி: அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினி இன்றும் ஓடுகிறது. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கார் ஸ்டீரியோ ஒன்று கிடைத்தது. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்ததாம். இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் கேசட் வாய். கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. டயலில் எஃப்.எம். 76 முதல் 90 வரை இருக்கிறது. இது என்ன செட்? வண்டியில் மாட்டலாமா? ஒருவர், ‘உள்ளே மெர்க்குரி இருக்கும், நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன்’ என்கிறார். இன்னொருவர், ‘பழைய ரேடியோ இருந்தால்தான் வின்டேஜ் நம்பர் கிடைக்கும், நானே முடித்துத் தருகிறேன்’ என்கிறார்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் அந்த மெர்க்குரிக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய ரேடியோவிலும் டிவியிலும் லட்சக்கணக்கில் விலைபோகும் சிவப்பு மெர்க்குரி இருக்கிறது என்பது வெறும் புரளி. அப்படி ஒரு பொருளே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இதை நம்பி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வால்வு ரேடியோவைச் ‘சோதித்துப் பார்க்க’ கொடுத்தார். திரும்பி வந்தது மரப்பெட்டி மட்டும்.

அடுத்தவர் இன்னும் கெட்டிக்காரர். வின்டேஜ் பதிவுக்கான விதி 2021இல் வந்தது. அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். உங்கள் பத்மினிக்கு 2028 வரை பொறுக்க வேண்டும். விதி பார்ப்பது சேஸி, பாடி, எஞ்சின் இவற்றை மாற்றியிருக்கிறீர்களா என்பதைத்தான். ரேடியோவை யாரும் கேட்கப்போவதில்லை. இத்தனைக்கும் 20,000 ரூபாய் கட்டி அந்த நம்பரை வாங்கினால், கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் வண்டியை வெளியே எடுக்கலாம். குடும்பத்தோடு அகஸ்தியர் அருவிக்குப் போய்வர முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க நடக்கிற நடை போதாதா? ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டுப் போனேன். அதையே பிரிண்ட் எடுத்து மூன்று செட் கொண்டு வா என்றார்கள். அப்புறம் எதற்கு ஆன்லைன்?

சரி, செட்டுக்கு வருவோம். அந்த 76–90 என்ற எண்ணே ஊரைச் சொல்லிவிட்டது. அது ஜப்பானில், ஜப்பான்காரர்களுக்காகவே செய்த செட். நம் ஊர் எஃப்.எம். 88க்கு மேல் 108 வரை. ஆகவே 93.5 சூரியனும் 106.4 ஹலோவும் அதில் வராது. ‘உள்ளே காயிலுக்கு நடுவில் இருக்கும் கோரைத் திருகினால் வந்துவிடும்’ என்று யாராவது ஸ்க்ரூடிரைவரோடு வந்தால் விடாதீர்கள், இருப்பதும் போய்விடும். ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் பேண்ட் கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டியை மாட்டினால் போதும். மீடியம் வேவ் எந்த நாட்டு செட்டிலும் ஒன்றுதான். நெல்லை வானொலி என்றதும் நினைவுக்கு வரும் 1197 உங்கள் டயலில் 120க்குச் சற்று முன்னால் (டயலில் கடைசி சைபரை விட்டிருப்பார்கள், 120 என்றால் 1200).

செட்டின் மேல் தகட்டையோ அடித்தகட்டையோ ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் 14.4 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் பாடியோடு சேர்ந்திருப்பது) என்று இருந்தால் உங்கள் வண்டிக்குச் சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை என்றாலும். மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதில் இந்த செட்டை மாட்டினால் புகைதான். சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதாதா என்பார்கள். போதாது. செட்டின் இரும்புக் கூடே மைனஸ். அதை போல்ட் போட்டு டேஷ்போர்டில் இறுக்கிய நிமிடமே ஷார்ட். ரப்பர் வைத்து இறுக்கினால்? ஏரியல் ஒயரின் மேல்வலை பாடியைத் தொடும், மறுபடி ஷார்ட். அந்த மாதிரி வண்டிக்கு பாசிட்டிவ் எர்த்துக்கு மாற்றிப் போட வசதியுள்ள செட்தான் வேண்டும்.

நாற்பது வருடம் தூங்கிய செட்டை நேராக வண்டியில் கொடுக்காதீர்கள். மேஜையில் 12 வோல்ட் பேட்டரி வைத்து, பிளஸ் ஒயரில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகச் சேர்த்து, ஸ்பீக்கர்களை மாட்டிக்கொண்டு ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். கண்டென்சர்களை மாற்ற வேண்டும். மங்கலாக எரிந்தால் பயமில்லை. கேசட் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்து எடுங்கள், கையில் பட்டால் இரண்டு நாளுக்குப் போகாது.

மாட்டும்போது எலக்ட்ரீஷியனுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பழக்கத்தில் ஸ்பீக்கரின் ஒரு ஒயரை பாடியில் எர்த் பண்ணிவிடுவார். சில ஸ்டீரியோ செட்டுகளில் அப்படிச் செய்தால் உள்ளே சத்தத்தைக் கூட்டும் ஐசி சிப் போய்விடும். நான்கு ஒயரும் தனித்தனியாகவே ஸ்பீக்கருக்குப் போகட்டும். டேஷ்போர்டை வெட்ட விடாதீர்கள். கீழே பிராக்கெட் போட்டுத் தொங்கவிடலாம். எஞ்சின் ஓடும்போது டிக்டிக் என்று இரைந்தால், இக்னிஷன் சாவியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு வரும் முனையில் கண்டென்சர் போடச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்குப் போகும் முனையில் போட்டால் எஞ்சின் மிஸ் அடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஏரியலை முழுதாக நீட்டி, மீடியம் வேவில் டயலை 140 பக்கம் வைத்து மெல்லிசாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனைப் பிடியுங்கள். ஏரியல் சாக்கெட் பக்கத்திலோ குமிழுக்குப் பின்னாலோ ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.