முதல் வாரம் 14, அடுத்த வாரம் 6: தங்கப் பல்லி குறைந்துவிட்டதா?

தம்பி, வேலூர்ப் பக்கத்துப் பாறைக்குகையில் ஒரு வாரம் 14 தங்கப் பல்லி, அடுத்த வாரம் 6 என்று பதறிப் பதிவு போட்டிருக்கிறீர்கள். செத்துவிட்டன என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கண்ணில் பட்ட எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது. முதல் இரவு மழை விட்டு பாறை ஈரமாக இருந்தது, இரண்டாவது இரவு வறண்ட காற்று என்று நீங்களே சொல்கிறீர்கள். வறட்சியில் அவை விரிசலுக்குள் ஒடுங்கிவிடும். 1870-இல் பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் முதலில் விவரித்த இந்த இனத்தை 1980-களில்தான் திருப்பதி மலையில் மறுபடி கண்டார்கள். காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

ஒரே பாறைமுகம், ஒரே நேரம், அதே ஆட்கள் என்று வைத்து, நான்கைந்து நாளுக்குள் மூன்று இரவு எண்ணுங்கள். மூன்றுக்கும் இடையே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியும். வெப்பம், ஈரப்பதம் கட்டாயம் குறியுங்கள்.

அப்புறம் முட்டை. பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் பாறையோடு ஒட்டி இடும். பொரித்த பின்பும் வெள்ளை வட்டமாக ஓட்டின் தடம் நிற்கும். அதை முட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் கையால் தொடவே வேண்டாம். குகை இருக்கும் இடத்தை உங்கள் பதிவிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள், பிடித்து விற்பவர்களும் படிப்பார்கள்.