மத்தளக்காரர் மாறினால்?

கேள்வி: டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களே, இன்னும் அதே குழுதானா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: அதே குழுதான் தம்பி. 1985இல் பொஸ்டனில் மூன்று மாணவர்கள் தொடங்கியது. கிற்றார் பெட்ரூச்சியும் பேஸ் கிற்றார் மியுங்கும் இன்றுவரை அசையவில்லை. பாடகர் லாப்ரி 1991இல் வந்தார். கீபோர்டில் மூர், ஷெரினியன் போய், 1999 முதல் ரூடஸ்.

டிரம்ஸ்தான் சங்கதி. எங்கள் வடமோடிக் கூத்தில் மத்தளக்காரர் மாறினால், களரியோரம் வெற்றிலை இடிக்கும் கிழவிகூட முதல் தாளக்கட்டிலேயே கண்டுபிடித்துவிடுவாள். 2010இல், தொடங்கிய மூவரில் ஒருவரான டிரம்ஸ்காரர் போர்ட்னோய் விலகியபோது என் கசெட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அவசரப் புத்தி! அடுத்து வந்த மங்கினி கணக்குத் தவறாத கைக்காரர். 2023இல் போர்ட்னோய் திரும்பிய செய்தி கேட்டுப் பெட்டியைத் திறந்தேன். பாதி நாடாக்களில் பூஞ்சணம்.