ராஜாஜி என்ற பத்தி எழுத்தாளர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராஜாஜியின் எழுத்து வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள் என்று நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். கேள்விகளும் என் பதில்களும் இவை.

காவேரிப்பட்டணம்: அவர் அரசியல்வாதி அல்லவா சார்? பத்தி எழுத்தாளர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1954இல் முதல்வர் பதவியை விட்டு விலகிய அதே ஆண்டு, 'கல்கி' வார இதழில் இராமாயணத்தைத் தொடராக எழுத ஆரம்பித்தார். அதுதான் 'சக்கரவர்த்தித் திருமகன்', 1958இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நூல். அப்புறம் 1956இல் காசா சுப்பா ராவ் 'சுவராஜ்யா' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கியபோது ராஜாஜிக்கு வயது 77. அதில் 'டியர் ரீடர்' என்ற தலைப்பில் பத்தி எழுதினார். வரி, லைசென்ஸ், மொழி, அணுகுண்டு என்று நாட்டில் எது நடந்தாலும் அதில் அவர் கருத்து வரும். பதவியில் இருந்த ஆண்டுகளைவிட எழுதிய ஆண்டுகள் அதிகம். அவரை வெறும் முதலமைச்சராக மட்டும் நினைவு வைத்திருப்பது நம் மாவட்டத்துக்கே நஷ்டம்.

ஓசூர்: அவர் பிறந்தது சேலம் மாவட்டம் என்று பாடநூலில் இருக்கிறதே?

1878 டிசம்பர் 10இல் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது சேலம் ஜில்லா. 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி. புத்தகம் எந்த ஆண்டில் எழுதியது என்று பாருங்கள்.

ஊத்தங்கரை மாணவி: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் ஐயா?

'வியாசர் விருந்து', மகாபாரதக் கதையை அவர் சொன்ன நூல். வார இதழுக்காக எழுதியதால் அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் தனியாகவே நிற்கும். கட்டுரைகள் வேண்டுமென்றால் 'சத்யமேவ ஜயதே' என்ற ஆங்கிலத் தொகுப்பு இருக்கிறது. 1956 முதல் 1961 வரை 'சுவராஜ்யா'விலும் பிற இதழ்களிலும் எழுதியவை அதில் உள்ளன.

பாலக்கோடு: குலக்கல்வி கொண்டுவந்தவரின் நடையைப் புகழ உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையை அது மறுபடியும் ஏரிலும் செக்கிலும் கட்டிவிடும் என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். அடுத்து வந்த காமராஜர் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. அதை மறைத்துவிட்டு அவர் எழுத்தைப் பேச மாட்டேன்.

பர்கூர்: குலக்கல்வி என்பது எதிரிகள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் வேறு.

ஆமாம், அரசு சொன்னது மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம் என்று. பெயர் எதுவானாலும் பிள்ளை பள்ளியில் இருந்த நேரம் குறைந்ததே!

பாலக்கோடு (மறுபடியும்): அப்படியென்றால் அவர் கட்டுரைகளை ஏன் படிக்க வேண்டும்?

வாதம் எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். சின்ன வாக்கியம், ஒரு கட்டுரைக்கு ஒரே விஷயம், எதிராளியின் வலுவான பேச்சை முதலில் சொல்லிவிட்டுத் தன் பதிலைச் சொல்வது. அந்தத் தெளிவு இருப்பதால்தான் எங்கே உடன்பட முடியவில்லை என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. குழப்பமாக எழுதுகிறவரோடு சண்டைகூடப் போட முடியாது. நீங்கள் அவரைப் படித்துவிட்டு மறுத்து எழுதுங்கள், நானே முதலில் வாசிக்கிறேன்.

அரூர்: இந்தியைப் பற்றி ராஜாஜி சொன்னதாக வாட்ஸாப்பில் ஒன்று வந்தது. உண்மையா?

தேதி போட்டிருக்கிறதா? 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவர்தான், 1950களின் கடைசியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்தவரும் அவர்தான். தேதியை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அவரைத் தன் கட்சிக்காரர் ஆக்கிவிடலாம். தேதியும் இதழின் பெயரும் இல்லாத மேற்கோளை நம்பாதீர்கள்.

தேன்கனிக்கோட்டை: முதலில் எந்தப் புத்தகம் படிக்கலாம்?

மேலே ஊத்தங்கரைக்குச் சொன்னதுதான்.

பென்னாகரம்: 'குறையொன்றுமில்லை' அவர் எழுதியதா?

அவர் எழுதியதே. எம்.எஸ். பாடிப் பரவியது.

கிருஷ்ணகிரி: அவர் மகன் நம் தொகுதி எம்.பி.யாக இருந்தாரே, அதைப் பற்றி?

சி.ஆர். நரசிம்மன். 1952இலும் 1957இலும் இங்கே ஜெயித்தார். தேர்தல் கதையை வேறொரு நாள் பேசலாம்.

மத்தூர்: நேரு பற்றி ராஜாஜி சொன்னதாக ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்தீர்களா சார்?

பார்த்தேன். தேதியும் இல்லை, இதழும் இல்லை. அரூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.